வீட்டுக்காரர்

அறுபத்திரண்டாம் வருஷம் உறையூரில் ஓர் அறை காலி என்று கேள்விப்பட்டுப் போனேன். அதற்கு முன் ஸ்ரீரங்கத்தில் நான் ஏறி இறங்காத வாசல் இல்லை. தனியாக இருக்கும் பொம்பளை என்றதும் எல்லாருக்கும் திடீரென்று யாரோ சொந்தக்காரர் குடிவருவதாக இருந்தது. வையம்பட்டிப் பள்ளிக்கூடத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்தேன். அறை கிடைக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போய், அண்ணி முனகிக்கொண்டே போடும் சோற்றைத் தின்ன வேண்டும். அதற்குக் காவிரியில் குதிக்கலாம்.

கழுத்தில் தாலி இருந்தது. கட்டினவன் எங்கே இருந்தானோ, யார் கண்டார்கள்.

வீட்டுச் சொந்தக்காரி சந்திரம்மாள் அறையைத் திறந்து காட்டினார். ஒரு ஜன்னல், மூலையில் அடுப்பு மேடை, குழாய் பொது. தனிப் பொம்பளைக்கு விடக்கூடாது என்று ‘அவங்க’ சொல்லியிருப்பதாக உள்பக்கம் கை காட்டினார். பிறகு கேட்டார்.

“உங்க வீட்டுக்காரர் எங்க இருக்காரு?”

வீடு கேட்டுப் போன இடத்தில் பழைய வீட்டின் சொந்தக்காரரைப் பற்றி விசாரிப்பது வழக்கம்தானே. வேறொருவன் நினைப்பே எனக்கு வரவில்லை.

“வையம்பட்டியிலங்க. தங்கமான மனுஷர். ஒரு வார்த்தை கடிஞ்சு பேசினதில்ல. சாமானெல்லாம் அவர்தான் கொண்டுவந்து இறக்கப்போறாரு.”

சந்திரம்மாள் முகம் மலர்ந்து சாவியைக் கொடுத்துவிட்டார்.

குடிவந்த பிறகு, ஆணி அடிப்பதற்கும் கொடி கட்டுவதற்கும்கூட, அவங்களைக் கேட்டுச் சொல்றேன் என்பார். மறுநாள் உத்தரவு வரும். அந்த ‘அவங்க’ யுத்தத்துக்கு முன்னால் ரங்கூன் போனவர், அப்புறம் ஒரு கடுதாசிகூடக் கிடையாது என்று குழாயடியில் பக்கத்து வீட்டு வீரம்மாள் சொன்னாள். எனக்கென்ன, அறை இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வையம்பட்டி வீட்டின் சொந்தக்காரர் பெரியண்ணன் சாமானோடு வந்தார். நான் கடைக்குப் போயிருந்தேன். யாருங்க என்று சந்திரம்மாள் கேட்டதற்கு, டீச்சரம்மா வீட்டுக்காரருங்க என்றிருக்கிறார். எழுபது வயது, முன்பல் இல்லை. சந்திரம்மாளுக்கு எப்படி இருந்திருக்கும், பாவம். ஆனாலும் மாப்பிள்ளைக்குச் செய்வதுபோல் கால் கழுவத் தண்ணீர் கொடுத்து, காப்பி கொடுத்து, விசிறிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பெரியண்ணன் ஊறுகாய் ஜாடியை நீட்டினார்.

“என் சம்சாரம் கொடுத்துவிட்டா டீச்சரம்மா. நீங்க வீட்டைக் காலி பண்ணதுலேருந்து அவளுக்குப் பொழுதே போகலையாம்.”

விசிறி நின்றது.

அவர் போனதும் எல்லாவற்றையும் சொன்னேன், என்னைக் கட்டினவன் ஓடிப்போனதையும் சேர்த்து. அறை போய்விடுமே என்ற பயம்தான், வேறென்ன. சந்திரம்மாள், அவங்களைக் கேட்டுச் சொல்றேன் என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

காலையில் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுத்தான் குழாயடிக்குப் போனேன். சந்திரம்மாள் என் குடத்தை வாங்கித் தன் குடத்துக்கு முன்னால் வைத்தார்.

“கேட்டேன். வீட்டுக்காரர் வர்ற வரைக்கும் இருக்கட்டும்னுட்டாங்க.”

“யாரோட வீட்டுக்காரர்?” என்றேன்.

“யாரோடதா இருந்தா என்ன. தண்ணி நின்னுடப்போகுது, புடிங்க.”