இசட் டிரைவை அழைத்த முறை

எங்கள் அலுவலகத்தில் புதுக் கணினி வந்தால், அது மூன்றாம் மாடிக்குப் போய் அங்கே குடியிருக்கும் ஐந்து பொது டிரைவ்களையும் வெற்றிலை பாக்குத் தட்டோடு நேரில் அழைக்க வேண்டும். அழைத்தால்தான் அவை திரையில் வந்து உட்காரும். கணினிக்குக் கால் கிடையாது என்பதால் தூக்கிக்கொண்டு ஏறுவது நம் வேலை. லிஃப்ட் டிரைவ்களுக்கு மட்டும்.

என் கணினி திங்கட்கிழமை வந்தது. மதியச் சாப்பாட்டு நேரம் என்று தெரிந்தும் அவசரப்பட்டுத் தூக்கிக்கொண்டு போனேன். நான்கு டிரைவ்கள் குங்குமம் எடுத்துக்கொண்டு வர உடனே சம்மதித்தன. மூத்ததான இசட் மட்டும் சாப்பிடப் போயிருந்தது. பக்கத்து அறை ஒய் டிரைவிடம், "வந்தா சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். என் புத்தி எங்கே போயிற்று?

ஆள் விட்டுச் சொன்னதில் இசட் முறுக்கிக்கொண்டது. மூன்று நாளாகத் திரையில் அதன் இடத்தில் சிவப்புப் பெருக்கல் குறி. இடமாறுதல் படிவம் அதற்குள்தான் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திறக்கும்; அந்த வியாழன் மாலை ஐந்து மணிக்கு மூடிவிடும். கணவரும் நான்கு வயது மகளும் கோவில்பட்டியில், நான் தர்மபுரியில். இந்த முறை தவறினால் அவள் பள்ளிக்கூடம் போவதையும் வீடியோவில்தான் பார்க்க வேண்டும்.

வியாழன் மதியம் கணினிப் பிரிவு ஜெபசிங்கைக் கையோடு கூட்டிப்போனேன். "அது சம்பந்தி மாதிரி மேடம். தட்டுல பழத்தைக் கூட்டுங்க" என்றார். ஆப்பிள் ஆறு வைத்தேன். கணினியோடு மறுபடியும் மூன்று மாடி. முதுகு விட்டுப்போயிற்று.

"மத்தவங்களுக்குத் தட்டு, எனக்கு மட்டும் தகவலா?" என்றது இசட். "உங்க ஆபீசர் வந்து கூப்பிடட்டும்."

ஆபீசர் ஒரு வாரமாக விடுப்பில் இருந்தார். ஆனால் அவருடைய துண்டு நாற்காலியில் கிடந்தது. துண்டு கிடந்தால் அவர் வந்திருக்கிறார் என்றுதான் எங்கள் அலுவலகத்தில் கணக்கு. ஜெபசிங் அதை எடுத்துவந்து கணினியின் தோளில் போட்டார். இசட் எழுந்து நின்று, "சார் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு லிஃப்டில் இறங்கியது. நான் கணினியோடு படியில் ஓடினேன். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது படிவம் திறந்தது. தட்டி அனுப்பிவிட்டேன்.

திங்கட்கிழமை உத்தரவு வந்தது. கோவில்பட்டிக்கு இடமாறுதல், என் கணினிக்கு.

"இசட்டை முறையா அழைச்சது அதுதானே மேடம்? அழைச்சவங்க பேர்லதான் ஏறும்" என்றார் ஜெபசிங். "நீங்க சும்மா தூக்கிட்டு வந்தவங்க."

அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. யாரிடம் போய்ச் சண்டை போடுவது? ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது என்று உத்தரவில் இருந்ததால் அன்றே பஸ் நிலையம் போய், ஜன்னலோர இருக்கையில் அதை உட்கார வைத்து, கண்டக்டரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் மாலை கணவர் போன் செய்தார்.

"பத்திரமா வந்து சேர்ந்திருச்சு. பாப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கிட்டு இருக்கு. அவ அடமே பிடிக்கல, பாத்துக்க."

"ரசம் சூடா இருந்தா ஆத்திக் குடுக்கச் சொல்லுங்க" என்றேன்.