மழைக்கு இருந்த பெயர்கள்

பெரியமடுவில் மீளக்குடியேறிய முதல் மாரியிலேயே மங்கையற்கரசி ரீச்சருக்கு அந்தப் பழக்கம் வந்துவிட்டது. மழை தொடங்கினால் தகரக் கொட்டிலின் வாசலில் நின்று ஓர் ஆங்கிலச் சொல்லைச் சொல்வாள். பிறகு காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். மண்டை பிசகிவிட்டது என்று சனம் கதைத்தது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

விசயம் இதுதான். அவளும் ஆங்கில ரீச்சர், புருசன் கேதீசனும் ஆங்கில மாஸ்டர். மனிதருக்கு ஆயிரம் வேலை கிடக்க, கறையான் தின்ற அகராதி ஒன்றிலிருந்து மழைக்கு இருந்த வழக்கொழிந்த சொற்களைப் பொறுக்கிக்கொண்டிருப்பார். தூறல் விழுந்தால் முற்றத்திலிருந்து "ஸ்மர்" என்பார். இவள் குசினி அடுப்படியிலிருந்து "ஸ்கிஃப்" என்று வெட்டவேண்டும். மேகமில்லாமல் பெய்யும் மழைக்குக்கூட "செரீன்" என்று ஒன்று வைத்திருந்தார். பதில் வராவிட்டால் தோல்வி. பதுங்குகுழிக்குள் கிடந்தபோதும் இருவரும் இந்த விளையாட்டை விடவில்லை. கடைசிச் சண்டையில், மாத்தளனில் தண்ணீர் அள்ளப் போனவர் திரும்பி வரவில்லை.

அதனால்தான், உதவி நிறுவனத்திலிருந்து லண்டன்காரி ஒருத்தி வருகிறாள் என்றதும் ரீச்சர் இருந்ததில் நல்ல சீலையை எடுத்து உடுத்தாள். அவளுக்கு வீடும் வேண்டாம், கிணறும் வேண்டாம். ஒரு சொல்லுக்கு ஒரு பதில் போதும். வெள்ளைக்காரிக்குத் தெரியாமலா போகும்?

வந்தவள் கதிரையில் இருந்து கேள்வி கேட்டாள். கூட வந்த நிருஷா தன்பாட்டில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். ரீச்சருக்கு ஆங்கிலம் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. எத்தனை பேர், மலசலகூடம் உண்டா என்று படிவம் முடிகிற நேரத்தில் தூறல் பிடித்தது. ரீச்சர் கையை வெளியே நீட்டி, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தபடி, "ஸ்மர்" என்றாள்.

லண்டன்காரி சிரித்தாள். அழகாயிருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கொப்பியில் குறித்துக்கொண்டாள். பிறகு நிருஷாவிடம் ஏதோ கேட்டாள்.

"ரீச்சர், தூறலுக்குத் தமிழில அப்பிடியோ சொல்லுறது எண்டு கேக்கிறா. எனக்கும் தெரியேல்லை. இது உங்கட பக்கத்துச் சொல்லோ?"

ரீச்சர் நீட்டிய கையை மடித்துக்கொண்டாள்.

"ஓம் பிள்ளை. எங்கட வீட்டில மட்டும் பேசின தமிழ்" என்றாள். ஒன்றரை வருசமாக வராத அழுகை அப்போதுதான் வந்தது.