உறை பிரிக்காத வீடு

அந்த வீட்டு சோபாவில் உட்கார்ந்து எழுந்தால் தொடையின் பின்பக்கம் தோல் உரிகிற மாதிரி ஒரு சத்தம் வரும். வாங்கி எட்டு வருடம் ஆகிறது. கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் இன்னும் அதன் மேல்தான் இருக்கிறது. டிவி ரிமோட்டுக்கு ஒரு பாலிதீன் பை. மைக்ரோவேவ் பொத்தான்களின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய தாளுக்குள் எப்படியோ புகுந்த எறும்புகள் அங்கேயே செத்துக் காய்ந்து கிடக்கின்றன. மருமகளாக வந்த முதல் வாரம் அதைப் பார்த்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆறு வருடமாகியும் அந்த அருவருப்பு போனபாடில்லை.

எல்லாம் மாமனாரின் கைங்கரியம். முப்பத்திரண்டு வருடம் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர் ரூமுக்குப் பொறுப்பாளராக இருந்தவர். பேக்கிங் பிரித்த சரக்கை யாரும் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது அவருக்கு வேதவாக்கு. அங்கே எல்லோரும் அவரைக் ‘கவர்’ என்றுதான் கூப்பிட்டார்களாம். அதை அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். ஓய்வு பெற்று வந்தவர் வீட்டை இன்னொரு ஸ்டோர் ரூம் ஆக்கிவிட்டார். புதிதாக வந்ததைப் பிரிக்காமல் பார்த்துக்கொள்வது ஒரு வேலை, கிழிந்ததைப் பழுப்பு டேப் போட்டு ஒட்டுவது இன்னொரு வேலை. இரண்டையும் அலுக்காமல் செய்தார்.

அன்றைக்கு மதியம் மூன்று மணிக்கு அவளுக்கு வீடியோவில் நேர்முகத் தேர்வு. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்யும் குறிப்புகளைக் கேட்டுத் தட்டச்சு செய்து தரும் வேலை, வீட்டிலிருந்தே பார்க்கலாம். இரண்டு சம்பளம் வந்தால் தனிக்குடித்தனம் போய்விடலாம் என்று கணவனின் வாயாலேயே சொல்ல வைத்திருந்தாள். அவனுக்கென்ன, வாரத்தில் ஐந்து நாள் வெளியூர் வேலை. பிளாஸ்டிக்கின் மேல் உட்கார்ந்து, பிளாஸ்டிக்கைத் தொட்டு, பிளாஸ்டிக்கைத் துடைத்துக் காலம் தள்ளுவது இவள்தான். எதையும் மூடாத, எதையும் ஒட்டாத ஒரு வீடு வேண்டும், அவ்வளவுதான். அதற்கு இந்த வேலை கிடைத்தாக வேண்டும்.

பழைய ரவுட்டர் போன வாரம் இடி இடித்தபோது கருகிவிட்டது. புதியது காலையில்தான் பார்சலில் வந்தது. ஆள் வரமாட்டானாம், படம் பார்த்து நாமே மாட்டிக்கொள்ளலாமாம். மொபைல் நெட்டை வைத்து வரக்கூடாது, வீட்டு இணைப்பின் வேகத்தைச் சோதித்துப் பார்ப்போம் என்று நேர்முகத் தேர்வுக் கடிதத்திலேயே கறாராகப் போட்டிருந்தார்கள்.

பத்து மணிக்கு அவளே உட்கார்ந்து மாட்டினாள். நூல் மாதிரி மெல்லிய ஒரு வயர். அதன் ஒரு முனையைச் சுவரில் இருந்த பெட்டியில் செருகினாள். ‘க்ளிக்’ என்று உட்கார்ந்தது. மறுமுனையை ரவுட்டரில் செருகினாள், உட்காராமல் ஆடியது. பக்கத்தில் நின்றிருந்த மாமனார், “புடிச்சுக்கம்மா, ஆடாம நான் பண்ணித்தரேன்” என்று டேப்பை எடுத்துக்கொண்டு வந்து அதை நாலு சுற்று சுற்றினார். ரவுட்டரின் மேலிருந்த பாலிதீனையும் பிரிக்க விடவில்லை. தூசி போகாது என்றார்.

சுவிட்சைப் போட்டதும் மூன்று விளக்குகள் பச்சையாக எரிந்தன. நான்காவது சிவப்பாகக் கண் சிமிட்டியது.

அணைத்துப் போட்டாள். சிவப்பு. பத்து நிமிடம் காத்திருந்து போட்டாள். அப்போதும் சிவப்பு. பின்னால் இருந்த சின்ன ஓட்டையில் ஊசியை விட்டு அழுத்தினாள். எல்லா விளக்கும் அணைந்து, எல்லாம் எரிந்து, கடைசியில் அதே சிவப்பு வந்து நின்றது. பன்னிரண்டு மணிக்கு உதவி எண்ணைக் கூப்பிட்டாள். இருபது நிமிடம் பாட்டுப் போட்டுக் காக்க வைத்த பிறகு ஒரு பையன் பேசினான்.

“பவர ஆஃப் பண்ணி ரெண்டு நிமிஷம் கழிச்சு ஆன் பண்ணுங்க மேடம்.”

“அஞ்சு தடவ பண்ணிட்டேன்.”

“இன்னொரு தடவ பண்ணிப் பாருங்க மேடம்.”

பண்ணினாள். அவன் கிளிப்பிள்ளை மாதிரி அடுத்ததை ஒப்பித்தான். “வயர் ரெண்டு பக்கமும் டைட்டா இருக்கா மேடம்?”

“டேப் போட்டே ஒட்டியிருக்கு. இதுக்கு மேல டைட்டா இருக்க முடியாது.”

“அப்படின்னா டெக்னீஷியன்தான் வந்து பாக்கணும். நாளை மறுநாள் வருவார். வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?”

முதல் உதவியே வரவில்லை, இதில் வேறு உதவி கேட்கிறான். போனை வைத்தவளுக்குக் காது எரிந்தது. வயர் எங்காவது மடங்கியிருக்குமோ என்று டிவி அலமாரியை நகர்த்தி அதன் பின்னால் கையை விட்டாள். பிசுபிசுவென்று ஏதோ ஒட்டியது. இழுத்துப் பார்த்தால் பழைய டேப். பசை உருகி வழிந்து, அதில் இரண்டு கரப்பான்பூச்சியும் கொஞ்சம் தலைமுடியும் ஒரு பல்லிக் குஞ்சின் எலும்பும் ஒட்டிக்கொண்டிருந்தன. ஓடிப்போய்க் கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினாள். பசை போகவில்லை.

மணி இரண்டேகால். கூடத்துக்குத் திரும்பி வந்தால் மாமனார் ரவுட்டரின் முன்னால் குனிந்து, ஏற்கெனவே ஒட்டிய டேப்பின் மேல் இன்னொரு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்.

“இன்னும் கொஞ்சம் இறுக்கினா வந்துரும்மா” என்றார்.

அவ்வளவுதான். ஆறு வருடமாக விழுங்கி வைத்திருந்ததெல்லாம் ஒரேயடியாக வெளியே வந்தது.

“போதும் மாமா, கையை எடுங்க” என்றாள். குரல் உயரவில்லை, அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. “இந்த வீட்டுல எதையாவது முழுசா பிரிச்சு மனுஷங்க மாதிரி புழங்கியிருக்கீங்களா? உட்கார்ந்தா ஒட்டுது, தொட்டா பிசுக்கு, எங்க கைய வச்சாலும் செத்த பூச்சி. எனக்குக் குமட்டுது மாமா. தினமும் குமட்டுது. உங்க டேப்பால இன்னிக்கு என் வேலையும் போச்சு.”

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. மாமியார் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். மாமனார் டேப்பைக் கீழே வைத்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். முப்பத்திரண்டு வருடம் மேலதிகாரிகளிடம்கூட இப்படி ஒரு வார்த்தை வாங்காத மனிதர். சோபாவின் பக்கம் போய்க் கீழே உட்கார்ந்து, ஓரத்தில் நகத்தை விட்டு பிளாஸ்டிக்கை மெதுவாக உரிக்க ஆரம்பித்தார்.

“நான் எட்டு வருஷமா சொன்னேன், காதுல ஏறல” என்றாள் மாமியார். “மருமக சொன்னதும் ஏறிடுச்சு.”

அவர் அடுத்த ஓரத்தைப் பிடித்து இழுத்தார். உரிக்க உரிக்கப் பூஞ்சை வாடை எழுந்து கூடம் முழுக்கப் பரவியது. உள்ளே துணி புத்தம் புதிதாக இருக்கும் என்றுதான் அவர் அத்தனை வருடமும் நம்பியிருந்தார். கறுப்புக் கறுப்பாகப் பூத்துப்போன துணியைத் தடவிப் பார்த்தார். பிறகு மறுபடி உரித்தார்.

அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு, ரவுட்டரை வயரோடு தன் அறைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். நல்ல வேளையாக வயர் நீளமாக இருந்தது. கதவைச் சாத்தினாள். கத்தரிக்கோலால் டேப்பை அறுத்தாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று, அதன் அடியில் இன்னும் நாலு சுற்று. விரலெல்லாம் பசை. திட்டிக்கொண்டே அறுத்து முனையை வெளியே இழுத்தாள்.

முனையில் ஒரு மூடி இருந்தது.

சின்னஞ்சிறு மூடி, கண்ணாடி மாதிரி தெளிவானது. புது வயரின் முனையில் தூசி படாமல் இருக்கக் கம்பெனியில் போட்டு அனுப்புவது. வயருக்குள் இணையம் வருவது வெளிச்சமாகத்தான். மூடி இருந்ததால் முனை உள்ளே சரியாக உட்காராமல், அந்த வெளிச்சம் ரவுட்டருக்குப் போய்ச் சேரவே இல்லை. நாலரை மணி நேரம்.

பார்த்தாயா அந்த மனுஷனை என்று பல்லைக் கடித்தவள், அடுத்த கணமே அப்படியே நின்றுவிட்டாள். இதை மாட்டியது அவர் இல்லை. காலையில் வயரைப் பிரித்தபோது ஒரு முனையின் மூடி பைக்குள்ளேயே கழன்று கிடந்தது. அதைத்தான் சுவரில் செருகினாள். இன்னொரு முனையில் மூடி இருந்ததை அவள் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். புதுசு, இருக்கட்டும், எதற்குப் பிரிக்க வேண்டும் என்று நினைத்தாள். அப்படி நினைத்தது இப்போது அட்சரம் பிசகாமல் ஞாபகத்துக்கு வந்தது. யோசிக்காமல், தயங்காமல், இந்த வீட்டு மனுஷியாக நினைத்திருக்கிறாள். ஆடிய முனையை ஒட்டியது மட்டும்தான் அவர்.

கரப்பான்பூச்சியைத் தொட்டபோது வந்ததைவிட மோசமான ஒரு அருவருப்பு அவளுக்குத் தன் மேலேயே வந்தது. வெளியே சர்ரென்று பிளாஸ்டிக் உரியும் சத்தம் கேட்டது. போய்ச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் தோன்றியது. மணியைப் பார்த்தாள். இரண்டு நாற்பது. முதலில் வேலை முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம். மூடியைக் கழற்றிச் செருகினாள். ‘க்ளிக்’ என்றது. சுவிட்சைப் போட்ட இரண்டு நிமிடத்தில் சிவப்பு அணைந்து பச்சை வந்தது.

மூன்று மணிக்குத் திரையில் ஒரு பெண்மணியும் ஓர் இளைஞனும் வந்தார்கள். தட்டச்சுச் சோதனை நன்றாகவே போனது. இணைப்பின் வேகத்தையும் பார்த்தார்கள். கடைசியில் அந்தப் பெண்மணி காகிதத்தைப் புரட்டிக்கொண்டே கேட்டாள்.

“போன வாரம் டெஸ்ட் கால்ல நீங்க வரலையே, ஏன்?”

“பழைய ரவுட்டர் கருகிப்போச்சு மேடம். புதுசு இன்னிக்குக் காலையிலதான் வந்துச்சு.”

“உடனே கனெக்ட் ஆச்சா?”

“இல்ல மேடம். ரொம்ப நேரம் வரல. இப்பத்தான் சரி பண்ணேன்.”

“என்ன பிரச்சனை? கேக்குறேன்னு தப்பா நினைக்காதீங்க, வீட்டுல இருந்து பாக்குற வேலை. நெட் போச்சுன்னா நீங்கதான் பாத்துக்கணும்.”

ஒரு நொடிதான். அதற்குள் அவள் எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்துவிட்டாள். மூடியோடு மாட்டிவிட்டு நாலரை மணி நேரம் முழித்தேன் என்று சொல்கிறவளுக்கு யார் வேலை கொடுப்பார்கள்?

“வீட்டுல வயசான மாமனார் மேடம்” என்றாள். சிரிப்புக்கூட தானாக வந்தது. “வயர் முனையில இருந்த மூடியை எடுக்காமலே மாட்டி, மேல டேப் போட்டு ஒட்டி வச்சிருக்கார். அத நான்தான் கண்டுபிடிச்சு எடுத்தேன்.”

இருவரும் சிரித்தார்கள். “எங்க வீட்டுலயும் ஒருத்தர் இருக்கார்” என்றான் இளைஞன். வெளியே உரியும் சத்தம் நின்றுவிட்டதை அவள் கவனித்தாள். அந்தக் கதவு மெல்லிய கதவு. உள்ளே தும்மினால் கூடத்தில் கேட்கும்.

திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வரலாம் என்றார்கள். நன்றி சொல்லிக் கணினியை மூடினாள். சந்தோஷப்பட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு மேசையில் கிடந்த மூடியைக் கைக்குள் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். சொல்லிவிடத்தான் வந்தாள்.

மாமனார் சுருட்டிய பிளாஸ்டிக்கை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் கையை ஊன்றி எழுந்தார்.

“கிடைச்சுதாம்மா?”

“கிடைச்சுது மாமா.”

“அப்பாடா” என்றவர் தலையைக் குனிந்துகொண்டார். “மூடி இருந்துச்சாமே, நான் பாக்கவே இல்லம்மா. நீ மாட்டறப்பவே சொல்லியிருப்ப, எனக்குத்தான் காதுல விழுந்திருக்காது. கண்ணாடியும் போடாம, பெரிய இவன் மாதிரி டேப்ப எடுத்துட்டு வந்துட்டேன். உன் வேலை போயிருந்தா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இந்த வீட்டுல நடமாடுவேன். மனசுல வச்சுக்காதம்மா.”

இதுதான் சமயம். கையைத் திறந்து காட்டினால் போதும். நான்தான் மாமா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மூடி உள்ளங்கையில் பசையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் பதிலுக்காக நின்றார்.

“பரவால்ல மாமா” என்றாள். “வயசானா அப்படித்தான். விடுங்க.”

அவர் முகம் தெளிந்தது. அடுக்களை வாசலில் நின்றிருந்த மாமியார் புருஷனைப் பார்த்துச் சொன்னாள். “பாத்துக்கங்க. வேற ஒருத்தியா இருந்தா உங்கள உண்டு இல்லன்னு ஆக்கியிருப்பா. நல்ல மனசு அவளுக்கு.”

அவள் அதையும் மறுக்காமல் கேட்டுக்கொண்டு நின்றாள்.