துவக்கு டிஸ்க்

செவ்வாய்க்கிழமை வகுப்பில் நடந்ததை அன்றே எழுதியிருக்க வேண்டும். எழுத உட்கார்ந்தேன், ஏலவில்லை. இன்று வியாழன் வகுப்பும் முடிந்துவிட்டது. இனியும் தள்ளிப்போட்டால் எனக்குச் சாதகமான விதத்தில்தான் ஞாபகம் வரும். அதனால் நடந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சொல்லைப் பற்றி.

எங்கள் கணினித் திருத்த வகுப்பு உள்துறைமுக வீதியில் ஒரு கடைக்கு மேல்மாடியில் நடக்கிறது. பகலில் நான் படகு இயந்திரங்களுக்கு உதிரிப்பாகம் விற்கும் கடையில் நிற்கிறேன். மாலையில் கிறீஸ் மணத்தோடேயே இங்கே வருகிறேன். தனஞ்சயன் சேர் தமிழில் படிப்பிப்பார், திரையில் இருப்பது ஆங்கிலம். மற்றவர்கள் 'பூட் பண்ணுறது', 'இனிஷலைஸ் பண்ணுறது' என்று காதில் விழுந்தபடியே எழுதிக்கொள்வார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. இணையத்தில் கிடைத்த ஒரு தமிழ்க் கையேட்டைப் பார்த்துக் குறிப்பு முழுவதையும் தமிழில் எழுதினேன். படிமுறைகளுக்கு இலக்கம், முக்கியமானவற்றுக்குச் சிவப்புக் கோடு. சேர் அதைப் பார்த்து மெச்சி, எல்லாருக்கும் போட்டோக் கொப்பி எடுத்துக் கொடுத்தார். அன்று உப்புவெளியில் உள்ள வீட்டுக்குச் சைக்கிளில் போனது நினைவில்லை, பறந்து போயிருப்பேன்.

அந்தக் கையேட்டில் கணினி எழும்புவதற்கும் 'துவக்கு' என்றுதான் இருந்தது. புது டிஸ்க்கை முதன்முதலாகப் பாவனைக்குத் தயார்செய்வதற்கும் 'துவக்கு' என்றுதான் இருந்தது. நானும் அப்படியே எழுதினேன். இங்கே துவக்கு என்றால் சுடுகிற துவக்கு, துப்பாக்கி. யுகேந்திரன் சாம்பல்தீவுப் பெடியன், எதையும் பகிடியாக்காமல் விடமாட்டான்.

"மச்சான், உன்ர குறிப்பில பக்கத்துக்குப் பக்கம் துவக்கு. இதோட செக்பொயின்ற்றில பிடிபட்டியெண்டால் உள்ளுக்கைதான்."

வகுப்பே சிரித்தது. அது சுத்தமான தமிழ், நாங்கள்தான் மறந்துபோனோம் என்று நான் ஒரு விளக்கம் கொடுத்தேன். விளக்கம் நீளமாகத்தான் இருந்திருக்கும்.

ஹுஸ்னியா அக்கா சிரிக்கவில்லை. அவர் கிண்ணியாவில் இருந்து வருகிறவர், வீட்டில் இருந்தபடி கல்யாண அழைப்பிதழ் வடிவமைத்துக் கொடுக்கிறவர். எழும்புறதுக்கும் ஒரே சொல், தயார்பண்ணுறதுக்கும் ஒரே சொல் என்றால் குழம்பாதா என்று கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் சேருக்கு முன்னால் என் குறிப்பில் பிழை பிடிக்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது.

"இடத்தைப் பார்த்து விளங்கிக்கொள்ள வேணும், அக்கா," என்றேன்.

அவர் குனிந்து எழுதத் தொடங்கினார். அதற்குப் பிறகு என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை செய்முறைக்கு அவருடைய கணினியையே எடுத்துக்கொண்டோம். அது மெத்தக் களைத்துப்போய்விட்டது, ஒரு அழைப்பிதழைத் திறப்பதற்குள் தேத்தண்ணி ஆறிவிடுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவர், உள்ளே எதுவும் சுழலாத எஸ்எஸ்டி டிஸ்க் ஒன்றைப் புதிதாக வாங்கி, கணினியை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். பழைய ஹார்ட் டிஸ்க்கில் அவர் இதுவரை செய்த எல்லா வேலையும் இருந்தது. புதியதில் விண்டோஸ் போட்டபின் பழையதில் இருப்பதை அதற்கு மாற்றுவதுதான் திட்டம். சனிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டிய ஒரு வலீமா என்ற கல்யாண விருந்தின் அழைப்பிதழும் அதற்குள்தான் இருந்தது. மாப்பிள்ளை அகீல், பெண் நப்லா. இரண்டு வீட்டாரும் எழுத்தை மாற்று, நிறத்தை மாற்று என்று படுத்தியெடுத்துக் கடைசியில் சம்மதித்த கார்ட். அது பிந்தினால் இனி அந்தப் பக்கம் ஒருவரும் தன்னிடம் வேலை தரமாட்டார்கள் என்று அக்கா சொல்லியிருந்தார்.

பென்டிரைவில் ஒரு பிரதி எடுத்தீர்களா என்று சேர் கேட்டார். அதுக்குள்ள கொள்ளவில்லை, கனக்க இரிக்கி என்றார் அக்கா. அப்படியென்றால் வேலை முடியும்வரைக்கும் பழையதன் வயரைக் கழற்றிவிடச் சொன்னார் சேர். சொல்லிவிட்டு, "லதீசன் நிக்கிறார்தானே, பயமில்லை," என்று என்னைக் காட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போனார். அங்கே மற்றக் குழு ஒரு பிரிண்டரைக் கழற்றிவிட்டுத் திரும்பப் பூட்டத் தெரியாமல் நின்றது.

நான் வயரைக் கழற்றவில்லை. என் குறிப்பில் அந்தப் படி இருக்கவில்லை, அதுதான் காரணம். பிறகு எப்படியும் பழையதையும் பூட்டத்தானே வேண்டும், ஒரேயடியாக முடிக்கலாம் என்று நினைத்தேன்.

புதியதைப் பூட்டியது சரியாகத்தான் நடந்தது. மின்சாரத்தை எடுத்தேன். பக்கத் தகட்டைக் கழற்றி, நிலைமின் போகக் கையை முதலில் வெறும் இரும்பில் வைத்து, பிறகு டிஸ்க்கை அதன் தட்டில் இருத்தினேன். யுகேந்திரன் டோர்ச் பிடித்தான். விண்டோஸ் பென்டிரைவைக் குத்தி எழுப்பி, கட்டளை அடிக்கிற கறுப்புத் திரையைத் திறந்தேன். இரண்டு டிஸ்க்கும் வரிசையில் வந்தன. ஒன்றுக்கு இலக்கம் 0, மற்றதற்கு 1. இரண்டும் ஒரே கொள்ளளவு.

எது புதியது? குறிப்பைப் பார்த்தேன். முன்பக்கத்தில், கணினி எழும்புவதைப் பற்றிய இடத்தில், 'துவக்கு டிஸ்க்கின் இலக்கம் 0' என்று எழுதியிருந்தேன். கடைசிப் பக்கத்தில், புதிய டிஸ்க்கைத் தயார்செய்கிற இடத்தில், 'துவக்கு டிஸ்க்கைத் தெரிவுசெய்து துப்புரவு செய்க' என்று எழுதியிருந்தேன். இரண்டுக்கும் சிவப்புக் கோடு போட்டிருந்தேன். இரண்டையும் சேர்த்து வாசித்தேன். 0 ஐத் தெரிவுசெய்து, டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் துடைத்துவிடுகிற கிளீன் என்ற கட்டளையை அடித்தேன்.

பிறகு அதையே ஃபோமற் செய்து, அதிலேயே விண்டோஸைப் பதியவிட்டேன். திரையில் முடிந்த வீதம் ஏறத் தொடங்கியது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஹுஸ்னியா அக்கா கதிரையைக் கிட்ட இழுத்து, பெட்டிப் பக்கம் தலையைச் சாய்த்தார்.

"புதுசு சத்தம் போடாதெண்டு சேர் சொன்ன. அப்ப இந்தக் கறகறப்பு என்ன தம்பி?"

"ஃபான், அக்கா," என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஃபான் இல்ல. இது என்ட டிஸ்க். எனக்கு இந்தச் சத்தம் தெரியும்."

அந்த நேரமே எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியும் கை நகரவில்லை. ஒருவேளை ஃபானாகவே இருக்கலாம் என்று நின்றேன். நான் நின்ற அந்த நேரத்திலும் விண்டோஸ் அவருடைய வேலையின் மேல் எழுதிக்கொண்டே போனது. யுகேந்திரன்தான் குனிந்து பிளக்கை இழுத்தான்.

சேர் வந்தபோது பிளக் அவன் கையில் இருந்தது. விளையாடுவதற்கு வேறு சாமான் கிடைக்கவில்லையா என்று சேர் அவனைத்தான் ஏசினார். எல்லாரும் அவனைத்தான் பார்த்தார்கள். அவன் என்னைப் பார்த்தான். சொல்லிவிடுவான் என்று காத்திருந்தேன் என்பதையும் எழுத வேண்டும். அவன் சொல்லவில்லை.

"நான்தான் சேர்," என்றேன்.

"நீரோ?"

அந்த ஒரு சொல்லில் இருந்தது கோபமல்ல. அவருக்கு நம்ப முடியவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஹுஸ்னியா அக்கா கைப்பையை மடியில் வைத்து, அதன் வாரைச் சுற்றிச் சுற்றி, கடைசி பஸ் போய்விடும் என்று எழும்பிப் போனார்.

சேர் பழைய டிஸ்க்கை வேறொரு கணினியில் பூட்டி, அழிந்ததைத் தேடியெடுக்கிற மென்பொருளை ஓடவிட்டார். நேற்றுக் கடையில் எனக்கு வேலையே ஓடவில்லை. கேட்டது பிஸ்ரன் றிங், நான் கொடுத்தது வேறேதோ. ஆள் திரும்பி வந்து சண்டை பிடித்தார்.

இன்று வகுப்புக்குப் போனபோது கோப்புகள் பெருமளவு வந்திருந்தன. ஆனால் பெயரெல்லாம் போய்விட்டது. எந்தக் கோப்பைப் பார்த்தாலும் இலக்கம்தான். ஒவ்வொன்றாகத் திறந்து, யாருடைய அழைப்பிதழ் என்று பார்த்துப் பெயர் வைக்க வேண்டும். நான் செய்கிறேன் என்றேன். அக்கா மவுஸை என் பக்கம் விடவில்லை. நான் பெயரை வாசித்தேன், அவர் அடித்தார். மூதூர், தம்பலகாமம், நிலாவெளி, பட்டணம். யார் யாருடைய கல்யாணமோ என் வாயால் வந்துகொண்டிருந்தது. நடுவில் வந்த இரத்தினேஸ்வரி என்ற பெயருக்கு யுகேந்திரன் தன் பழைய கணக்கு ரீச்சர் என்று பாய்ந்து வந்து பார்த்தான். அவ இல்லை, வேறு ஆள்.

அகீல், நப்லா என்று இரண்டு தரம் வாசித்தேன். கார்டின் அடியில் பூ வேலைப்பாடு இருந்த இடம் சாம்பல் பட்டையாகியிருந்தது. மற்றதெல்லாம் இருந்தது. சற்றுப் போக இன்னொரு கோப்பிலும் அதே அகீல், அதே நப்லா, அதே பச்சை. இதில் பழுதே இல்லை. எனக்குச் சந்தோஷத்தில் மூளை ஓடவில்லை.

"ரெண்டும் ஒண்டுதானே அக்கா. பழுதானதை அழிச்சுவிடலாமே."

அக்கா முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"பழுதானதுதான் வலீமா. மற்றது நிக்காஹ், அது எப்பவோ அடிச்சுக் குடுத்த. ஒண்டு கிண்ணியாவில பள்ளிவாசல், ஒண்டு மூதூரில மண்டபம்." பிறகு ஆறுதலாகச் சொன்னார்: "இடத்தைப் பார்த்து விளங்கிக்கொள்ள வேணும், தம்பி."

யுகேந்திரன் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினான். நான் குனிந்துகொண்டேன். அக்காவின் முகத்தில் சிரிப்பு இருக்கவில்லை. பூ வேலைப்பாட்டை நாளைக்குள் திரும்பக் கீறிவிடலாம், சனிக்கிழமைக்குக் கொடுக்கலாம் என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார். அச்சகத்துக்கு நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வேண்டாம் என்றுதான் வரும் என்று தெரிந்ததால் சொல்லவில்லை.

பிறகு சேர் பக்கத்தில் நிற்க, புதிய டிஸ்க் மட்டும் பூட்டிய கணினியில் நான் திரும்ப எல்லாம் செய்தேன். வரிசையில் ஒரேயொரு டிஸ்க்தான். பிழைவிட வழியே இல்லாத இடத்திலும் இலக்கத்தைச் சேருக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அடித்தேன். விண்டோஸ் சத்தமில்லாமல் பதிந்து முடிந்தது. மீட்ட கோப்புகளையும் அதற்குள் மாற்றினோம்.

முடிந்ததும், கொடுத்த கொப்பிகளைத் திருப்பித் தாருங்கள், திருத்தித் தருகிறேன் என்று எல்லாரிடமும் கேட்டேன். அக்கா தன்னுடையதில் திருத்தம் இருக்கிறது என்றார். விரித்துக் காட்டினார். முன்பக்கத்துத் துவக்குக்கு மேலே நீலப் பேனையால் 'பழசு' என்று எழுதியிருந்தது. கடைசிப் பக்கத்துத் துவக்குக்கு மேலே 'புதுசு'. செவ்வாய்க்கிழமை அந்தக் கொப்பி என் முழங்கைக்குப் பக்கத்தில் அவர் மடியில்தான் இருந்தது. ஏன் காட்டவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையிருக்கவில்லை.

பழைய டிஸ்க் இங்கேயே இருக்கட்டும், விடுபட்டது ஏதும் இருந்தால் தேடலாம் என்றார் சேர். இல்லாவிட்டால் லதீசனிடம் கொடுங்கள், அவர் வீட்டில் வைத்துத் தேடுவார் என்றும் சொன்னார். எனக்கு உதவத்தான் அப்படிச் சொன்னார்.

"இல்ல சேர். இது என்னட்டயே இரிக்கட்டும்," என்றார் ஹுஸ்னியா அக்கா.

அதை ஒரு கைலேஞ்சியில் சுற்றினார். கைப்பையின் உள்ளறையில் வைத்து, சிப்பை இழுத்து, அது முழுவதும் மூடியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். பிறகு பஸ்ஸுக்குப் போனார்.