புது டிஸ்க் போட்ட நாள்

திங்கட்கிழமை காலை ஃபஸீஹா கம்ப்யூட்டரைப் போட்டதும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி வந்து நின்றது. அதற்குமேல் எதுவும் நகரவில்லை. அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். மறுபடியும் அதே வரி. சிபியு பெட்டிக்குள்ளிருந்து மட்டும் டக், டக் என்று ஒரு சத்தம், யாரோ நகத்தால் தட்டுவதுபோல.

திண்டிவனத்தில் நாலு தனியார் பள்ளிகளுக்குக் கேள்வித்தாள் அடித்துக் கொடுப்பது அவள் வேலை. ஆசிரியர்கள் கையால் எழுதி அனுப்புவதைக் கணக்கின் பின்னமும் அடுக்கும் பிசகாமல், அறிவியல் படத்தோடு அச்சுக்குத் தயார்செய்து தருவாள். ஏழு வருட வேலை அந்தப் பெட்டிக்குள் இருந்தது. அரையாண்டுத் தேர்வுக்கு இன்னும் ஒன்பது நாள். கணவன் அப்துல் மாலிக்குக்கு சென்னையில் குடோன் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தவளுக்கு இடுப்புவலி அப்போதே ஆரம்பித்துவிட்டது.

அந்தச் சத்தத்தைப் போனில் பதிவுசெய்து ஷார்ஜாவிலிருக்கும் அண்ணன் யாஹ்யாவுக்கு அனுப்பினாள். அங்கே ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வதுதான் அவன் உத்தியோகம். அடுத்த நிமிடமே கூப்பிட்டான்.

"ஹார்ட் டிஸ்க் போச்சும்மா. அது இனிமே எழுந்திருக்காது. நாலு ஸ்குரூதான், கழட்டி எடுத்துக்கினு விழுப்புரம் ராஜாமணி கடைக்குப் போ. என்கூட பாலிடெக்னிக்ல படிச்சவன். அவன் பாத்துச் சொல்லட்டும்."

"பொட்டிய அப்படியே தூக்கிக்கினு போவட்டுமா?"

"உன் இடுப்புக்கு அது வேற கேடா? டிஸ்க்க மட்டும் எடுத்துக்கினு போ. புதுசு நீயே மாட்டலாம். நான் சொல்லித் தரேன்."

டிஸ்கை ஒரு பழைய துப்பட்டாவில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். வழியில் கூட்டேரிப்பட்டு வரை நின்றுகொண்டேதான் போக முடிந்தது. 

ராஜாமணி டிஸ்கைத் தன் மேசைமேல் இருந்த ஒயரில் செருகி, காதை அருகில் வைத்துக் கேட்டார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, பிடுங்கி வைத்துவிட்டார்.

"உள்ள படிக்கிற முள்ளு அடிபட்டுப்போச்சுங்க. காப்பி எதுனா எடுத்து வச்சிருக்கீங்களா?"

"இல்லீங்க."

இந்தப் பதிலைத் தினமும் கேட்கிறவர்போல அவர் தலையை மட்டும் ஆட்டினார். "சென்னையில பிரிச்சிப் பாக்கறவங்க இருக்காங்க. வரும்னு நான் வாக்கு குடுக்கமாட்டேன். ஸ்கூலுங்களுக்கு பென்டிரைவ்ல போட்டுக் குடுத்திருப்பீங்களே, அதுங்கள திரும்பக் கேட்டு வாங்குங்க. அதான் உங்களுக்கு நல்லது."

புது டிஸ்க் உள்ளங்கைக்குள் அடங்கியது. பிஸ்கட் போலக் கனமே இல்லை. கூடவே விண்டோஸ் ஏற்றிய பென்டிரைவ் ஒன்றையும் கொடுத்தார். "யாஹ்யா சொல்லித் தரானா? அப்ப கவலையில்ல," என்றார். அவள் வீடு திரும்பும்போது பிள்ளைகள் பூட்டிய கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு யாஹ்யா வீடியோவில் வந்தான். அங்கே மணி ஒன்பதரை. போனை ஒரு டம்ளரில் சாய்த்து வைத்துவிட்டு, ஃபஸீஹா தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தாள். தூசி மூக்கில் ஏறியது.

"கரன்ட்ட புடுங்கிட்டியா?"

"புடுங்கிட்டேன்."

"பொட்டியோட இரும்ப ஒருவாட்டி தொட்டுக்க, உடம்புல இருக்கற கரன்ட் எறங்கட்டும். இப்ப அகல ஒயரு ஒண்ணு, குட்டி ஒயரு ஒண்ணு. ரெண்டுலயும் எல் மாதிரி வளைவு இருக்கும். பாத்துச் செருகு, தம் கட்டி அழுத்தாத."

பழைய டிஸ்க் இருந்த இடத்தில் புதியது தொளதொளவென்று ஆடியது. ஒரு பக்கம் ஒரு ஸ்குரூ போட்டால் போதும், இதற்குள் சுற்றுகிற சாமான் எதுவும் கிடையாது என்றான். பிறகு பென்டிரைவைச் செருகி, பெட்டியைப் போட்டு, அவன் சொன்ன பொத்தானை விடாமல் தட்டிக்கொண்டே இருந்தாள். மூன்றாவது முறைதான் பிடி கிடைத்தது. நீலத்திரை வந்தது. எந்த மொழி என்றது, எந்த டிஸ்க் என்றது. காலியாகக் கிடந்த ஒரே இடத்தைக் காட்டியதும், கோப்புகளை ஏற்ற ஆரம்பித்தது. ஒரு சதவீதம். இரண்டு.

"அவ்ளோதான். இனி அது பாட்டுக்கு ஓடும். பென்டிரைவு பழசு, அரை மணிக்கு மேல ஆவும்," என்றான் யாஹ்யா.

"நீ வேலையப் பாருண்ணே. நான் அப்புறம் கூப்பிடறேன்."

"பரவால்ல, இருக்கேன்."

அவள் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். அண்ணன் போனை முகத்துக்கு மிக அருகில் வைத்திருந்தான். நெற்றியும் மூக்கும் மட்டும்தான் தெரிந்தன. கோட்டக்குப்பத்தில் தனியாக இருக்கும் அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் பேசினார்கள். அம்மாவுக்குக் கண்ணில் ஆபரேஷன் செய்ய வேண்டும், தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறாள். பேச்சு மெல்ல மெல்ல ஒருபக்கமாக ஆனது. அவள் கேட்டதற்கு "ம்" வந்தது. பிறகு "ம்"மும் நின்றது. முப்பத்திரண்டு சதவீதத்தில் அவன் தூங்கிப்போனான்.

கையிலிருந்து போன் சரிந்து ஏதோ தலையணையில் சாய்ந்து நின்றது. அப்போதுதான் அவளுக்கு முழுசாகத் தெரிந்தது. இரும்புக் கட்டில், அதன்மேல் இன்னொரு இரும்புக் கட்டில், கம்பியில் தொங்கும் மூன்று பேர் லுங்கி. அண்ணனின் கை கன்னத்துக்கு அருகில் கிடந்தது. இரண்டு விரலில் பிளாஸ்திரி, உள்ளங்கை தோலுரிந்து வெள்ளையாக இருந்தது. கம்ப்யூட்டர் தட்டும் கையா இது? செவ்வாய்க்கிழமை காலை, ஆபீஸ் நேரம். அஞ்சு வருடத்தில் ஒருநாள்கூட வேலைநேரத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் பேசாதவன் இரண்டு மணிநேரமாக எப்படி இருக்கிறான் என்று அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

யாரோ ஒரு ஆள் குனிந்து போனை எடுத்தார். அவளைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"யாருங்க? பாயோட தங்கச்சியா?"

"ஆமாங்க. அண்ணன் வேலைக்குப் போவலீங்களா?"

"காலைலதாம்மா வந்தான். ராத்திரி பூரா காய்கறி மார்க்கெட்டுல மூட்டை எறக்கிட்டு வந்தவன். கொஞ்சம் தூங்கட்டும்." சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாதோ என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். போனை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

ஃபஸீஹா அழைப்பைத் துண்டிக்கவில்லை. துண்டித்தால் அந்தச் சத்தத்தில் விழித்துவிடுவானோ என்று பயந்தாள். 

வீட்டிலிருந்த இன்னொரு சின்ன போன் அடித்தது. அம்மா ஜமீலா பீவி.

"யாஹ்யா ரெண்டு நாளா என்கிட்ட பேசல. உன்கிட்ட பேசினானா?"

"பேசினாம்மா. ஆபீஸ்ல ரொம்ப வேலையாம்," என்றாள் ஃபஸீஹா. குரல் தானாக வந்தது. வைத்த பிறகு வாய் கசந்தது.

இதற்குள் கம்ப்யூட்டர் நூறு சதவீதத்தைத் தொட்டு, அணைந்து, மறுபடி எரிந்தது. எரிந்ததும் எந்த மொழி என்று முதலிலிருந்து கேட்டது. அவ்வளவும் போச்சா? அண்ணனை எழுப்பக் குரல் தொண்டைவரை வந்துவிட்டது. திரையிலிருந்த அந்த முகத்தைப் பார்த்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது, தாடியில் நரை. எழுப்பவில்லை.

உட்கார்ந்து யோசித்தாள். பென்டிரைவ் இன்னும் செருகியபடியே இருக்கிறது. அதனால்தான் மறுபடி அதிலிருந்தே தொடங்குகிறது. அதைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியை அணைத்துப் போட்டாள். புள்ளிகள் வட்டமாகச் சுற்றின. சுற்றிச் சுற்றி, கடைசியில் அவள் பெயரைக் கேட்டது. மிச்சத்தை அவளே முடித்தாள். இன்டர்நெட் வந்தது, தமிழ் விசைப்பலகை வந்தது. திரையில் குப்பைத்தொட்டிப் படம் ஒன்றைத் தவிர எதுவும் இல்லை. ஏழு வருடம் நிறைந்துகிடந்த இடம் அது.

மணி இரண்டாகும்போது யாஹ்யா கண் விழித்தான். "எத்தனை பர்சன்ட்?" என்றான் அவசரமாக.

"முடிஞ்சிடுச்சு. நானே போட்டுட்டேன்."

"பென்டிரைவ எடுக்கச் சொல்ல மறந்துட்டேனே."

"எடுத்துட்டேன்." கொஞ்சம் பொறுத்து, "எத்தனை மாசமாண்ணே மூட்டை தூக்கற?" என்றாள்.

அவன் கட்டிலின் அந்தப்பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு போனைக் கீழே இறக்கிவிட்டான். மேல்கட்டிலின் அடிப்பலகை மட்டும் தெரிந்தது.

"நாலு மாசம். கம்பெனிய மூடிட்டானுங்க. வேற எடம் கெடைச்சதும் சொல்லலாம்னு பாத்தேன்."

"கெடைக்கலயா?"

"எங்க போனாலும் சின்னப் பசங்களா கேக்கறானுங்க. பேஜாராப் போச்சு, ஃபஸீஹா. பகல்ல தூக்கம் வரல, ராத்திரி நிக்க முடியல."

"அப்புறம் ஏன் என்கூட மணிக்கணக்கா உக்காந்துகினு இருந்த? போயித் தூங்கியிருக்கலாமே."

"நாலு மாசத்துல இப்பதான் எனக்குத் தெரிஞ்ச வேலைய ஒருத்தங்க எங்கிட்ட கேட்டாங்க," என்றான் அவன்.

அவளுக்கு அழுகை வரவில்லை. அழுகிற தெம்புகூட இல்லை. "ஊருக்கு வந்துடுண்ணே. அம்மாகிட்ட இன்னிக்கே சொல்லு. நான் சொல்லமாட்டேன், நீதான் சொல்லணும்," என்றாள்.

"ஆபரேஷன் செலவு இருக்குதே."

"உன் கையப் பாத்தேன். அம்மா பாத்தா ஆபரேஷனா பண்ணிக்குவாங்க?"

 அவன் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. டூட்டிக்கு முன்னால் கொஞ்சம் படுக்கிறேன் என்று வைத்துவிட்டான்.

சாயங்காலம் பிள்ளைகளுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தபோது அம்மா கூப்பிட்டாள். எடுத்ததுமே குரலில் தெரிந்துவிட்டது.

"சொல்லிட்டான். அடுத்த மாசம் வரேன்னு இருக்கான்," என்றாள் ஜமீலா பீவி. பிறகு, "மத்தியானம் நான் கேக்கும்போது உனக்குத் தெரியும்தானே?" என்றாள்.

"தெரியும்மா."

"ரெண்டு பேரும் ஒண்ணு சேந்துக்கினீங்க. நான் யாரு உங்களுக்கு?"

 அம்மா மூக்கை உறிஞ்சினாள். வந்தால் எந்த ரூமில் படுப்பான், அந்த ரூமில் சாமான் அடைந்துகிடக்கிறதே, ஜல்தியாக யாரையாவது விட்டு ஒழிக்கணுமே என்று பேசிக்கொண்டே போனாள். சரிம்மா, சரிம்மா என்று ஃபஸீஹா கேட்டுக்கொண்டிருந்தாள். அடுப்பில் டீ பொங்கி வழிந்தது.

அதைத் துடைத்துவிட்டு வந்து கம்ப்யூட்டர்முன் உட்கார்ந்தாள். நேற்றே போனிலிருந்து கேட்டு எழுதியதில் இரண்டு பள்ளிகள் பழைய தாள்களை மெயிலில் திருப்பி அனுப்பியிருந்தன. ஒரு பள்ளி இந்த முறை வேறிடத்தில் கொடுத்துவிட்டதாக எழுதியிருந்தது. அவள் இடுப்புக்குத் தலையணை வைத்துக்கொண்டு, பத்தாம் வகுப்புக் கணக்கின் முதல் கேள்வியை அடிக்கத் தொடங்கினாள்.