அப்பாவின் ‘ஹா’

நகராட்சி மண்டபத்துக்குக் கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. ஹெச்மி தேநீரில் மிதந்த பைன் பருப்பை விரலால் எடுத்துத் தின்றுகொண்டிருந்தார். எழுபது தாண்டியும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. தங்கை பஹிஜா பார்க்காததுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அம்மா வாழ்ந்து செத்த வீடு இது. கடைசியாக இந்தக் கூடத்தில் நின்றபோது பஹிஜாவுக்கு ஒரு நரைகூடக் கிடையாது. இத்தாலியின் பலெர்மோவிலிருந்து இப்போது அவள் வந்தது அண்ணனுக்காக அல்ல, அவர் மகள் யுஸ்ராவின் கல்யாணத்துக்காக. “அத்தை, எனக்கு நீதான் சாட்சிக் கையெழுத்துப் போடணும். ஒரு பக்கம் நீ, இன்னொரு பக்கம் அப்பா” என்று அந்தப் பெண் போனில் கெஞ்சியிருந்தாள். வருகிறேன் என்றாளே தவிர, கையெழுத்தைப் பற்றி பஹிஜா இன்னும் வாய் திறக்கவில்லை. அண்ணன் பெயருக்குப் பக்கத்தில் தன் பெயரா என்று மனம் முரண்டு பிடித்தது.

மாப்பிள்ளை பிரான்சின் மார்சேய்க்காரன், கிறித்தவன். முஸ்லிம் பெண் அப்படிக் கட்டிக்கொள்ள இப்போது தடையில்லை. பஹிஜா காலத்தில் இருந்தது.

நாடு விடுதலையானதும் அரசியல் சாசனம் எழுத உட்கார்ந்தவர்களில் அவர்கள் அப்பா லமீனும் ஒருவர். முதல் வரிக்கே மல்லுக்கட்டு. ‘துனீசியா ஒரு சுதந்திர அரசு, அதன் மதம் இஸ்லாம்.’ அந்த ‘அதன்’ நாட்டைச் சொல்கிறதா, அரசைச் சொல்கிறதா? அரபியில் அது சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்ளும் ஒரு ‘ஹா’, அவ்வளவுதான். நாட்டுக்கும் ஹா, அரசுக்கும் ஹா, பெண்பிள்ளைக்கும் அதே ஹா. “வேணும்னேதான் அப்படி விட்டோம். தொழுறவனும் உள்ள வரலாம், தொழாதவனும் வரலாம்” என்று சாப்பாட்டு மேசையில் அப்பா பெருமையடிப்பார். சொல்லி முடித்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ‘ஹா’ என்று ஊதித் துடைப்பார். அண்ணனும் தங்கையும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அந்த ஹாதான் பஹிஜாவை வெளியே தள்ளியது. துறைமுகத்தில் படகு எஞ்சின் பழுதுபார்த்த சிசிலிக்காரன் கார்மெலோவோடு போய், இங்கே முடியாத கல்யாணத்தைப் பலெர்மோவில் செய்துகொண்டாள். அம்மா செத்ததும், வீட்டில் அவளுக்குப் பங்கில்லை என்று வழக்குப் போட்டார் புது வக்கீல் ஹெச்மி. அப்பா எழுதிய வரியையே நீதிமன்றத்தில் எடுத்து விரித்தார். ஹா அரசுடையது; ஆகவே அரசுக்கு மதம் உண்டு; மதத்தை விட்டுப் போனவளுக்குப் பங்கு கிடையாது. முன்வரிசையில் அப்பா இருந்தார். நீதிபதியே ஒரு கணம் அவரைப் பார்த்தார். ‘நாங்கள் அந்த அர்த்தத்தில் எழுதவில்லை’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மனுஷர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணனை வெறுப்பது பஹிஜாவுக்குச் சுலபமாக இருந்தது. அப்பாவைத்தான் மன்னிக்க முடியவில்லை. அவர் அடக்கத்துக்குக்கூட அவள் வரவில்லை.

பின்னாளில் நாட்டின் இளம்பிள்ளைகள் தெருவில் இறங்கி ஆட்சியைக் கவிழ்த்தார்கள். புதுச் சாசனம் எழுதினார்கள். அந்த முதல் வரியில் மட்டும் யாரும் கைவைக்கவில்லை. வரி அப்படியே இருக்க, தடை போய்விட்டது.

“இப்ப அது யாரோட ஹா, அண்ணே?”

ஹெச்மி கோப்பையைக் கீழே வைத்தார். “குத்து, நல்லாக் குத்து. யுஸ்ரா முன்னாடியே குத்திட்டா. ‘தாத்தா அதை எனக்காகத்தான் எழுதினார்ப்பா’ன்னு எனக்கே பாடம் எடுக்குறா.”

“நீ என்ன சொன்ன?”

“ஆமான்னேன். வேற என்னத்தச் சொல்ல?” கோப்பையை ஓரமாகத் தள்ளினார். “அப்பா கடைசில ஆஸ்பத்திரில ‘வீடு... ஹா, வீடு... ஹா’ன்னுக்கிட்டே கெடந்தார். மூச்சு வாங்குது, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்றார்னு நெனச்சு இங்க கொண்டாந்தேன். கொண்டாந்தப்புறமும் நிறுத்தல.”

பஹிஜா திரும்பினாள்.

“சேத்துச் சொல்லிப் பாரு” என்றார்.

அரபியில் ‘தார்’ என்றால் வீடு. சேர்த்துச் சொன்னால் ‘தார்ஹா’. அவளுடைய வீடு.

“அப்பவே புரிஞ்சுதா உனக்கு?”

“எனக்குத் தோதா புரிஞ்சுக்கிட்டேன். என் தொழிலே அதுதானே.”

“வெறும் மூச்சாக்கூட இருந்திருக்கலாம்.”

“இருந்திருக்கலாம்.”

 அப்பா பக்கத்தில் தான் இருந்திருந்தால் வாய்விட்டுக் கேட்டிருக்கலாமே. கேட்டிருந்தாலும், தானும் தனக்குப் பிடித்ததைத்தானே அதில் படித்திருப்போம் என்றும் பஹிஜாவுக்குத் தோன்றியது. எதுவாயிருந்தாலும் வந்திருக்க வேண்டும்.

மண்டபத்தில் குலவைச் சத்தமும் சர்க்கரைப் பாதாமுமாக ஒரே அமர்க்களம். மணமக்கள் கையெழுத்துப் போட்டார்கள். ஹெச்மி போட்டுவிட்டுப் பேனாவைத் தங்கையிடம் நீட்டினார்.  யுஸ்ரா அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஹிஜா பேனாவை வாங்கிக்கொண்டாள். கையெழுத்துப் போட வேண்டிய இடம் கண்ணுக்குத் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றி வாயருகே கொண்டுபோய் ஊதினாள்.

“ஹா.”

ஹெச்மி சட்டென்று நிமிர்ந்தார். கண்ணாடியில் படிந்த ஆவி ஓரங்களிலிருந்து மெல்லக் கரைய ஆரம்பித்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. பேனாவைப் பிடித்தபடி, கையெழுத்துப் போட வேண்டிய இடம் தெளியட்டும் என்று பார்த்துக்கொண்டே நின்றாள்.