நாற்பத்தொன்பதாம் நாள் சாப்பாடு

தம்பி தெட்சுரோ செத்து நாற்பத்தொன்பதாம் நாள். கோயிலில் பூசை முடிந்து, அஸ்தியைக் கல்லறையில் வைத்ததும், சொந்தக்காரர்களை அங்கேயே கும்பிட்டு அனுப்பிவிட்டேன். அம்மாவையும் தம்பி பொண்டாட்டி சயோவையும் மட்டும் எங்கள் ஊர் கட்சுனுமாவிலேயே உசத்தியான கைசெகி விருந்துக் கடைக்கு அழைத்துப் போனேன். ஒரு மாதம் முன்னால் சொல்லிவைக்காவிட்டால் அங்கே இடம் கிடைக்காது. டோக்கியோவிலிருந்து போன் போட்டுக் கெஞ்சி வாங்கினேன். எல்லாம் சயோவுக்கு ஐஸ் வைக்கத்தான்.

எனக்கு அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வேண்டும். இங்கேயே இருக்கிறேன், அத்தையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டால் போதும். அம்மாவுக்கு எழுபத்தொன்பது வயது, கண் மங்கிவிட்டது. திராட்சைப் பந்தல் வேறு ஒன்றரை ஏக்கர். பதினெட்டு வருஷமாக எல்லாவற்றையும் சயோதான் இழுத்துப்போட்டுச் செய்தாள். நான் புத்தாண்டுக்கு ஒரு தடவை, ஆகஸ்டில் முன்னோர் பண்டிகைக்கு ஒரு தடவை, கையில் ஓர் இனிப்புப் பெட்டியோடு வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவேன். நல்ல மகள் என்று என்னை யாரும் சொல்லமாட்டார்கள், நானும் சொல்லிக்கொள்ளமாட்டேன். ஆனாலும் யாராவது பார்த்துக்கொள்ளத்தானே வேண்டும்?

எங்களுக்கென்று தனி அறை. ஜன்னலுக்கு வெளியே மலைச்சரிவு முழுக்கப் பந்தல்கள், இலை பழுத்துக் கொட்டிக்கொண்டிருந்தது. அப்படியொரு பந்தலுக்குக் கீழேதான், அறுவடை பாதியில், கத்தரிக்கோலும் கையுமாகத் தம்பி சாய்ந்தான். அவன் போட்டோவுக்கு முன்னாலும் ஒரு தட்டு வைத்தார்கள். செத்தவருக்கும் சேர்த்துத்தான் பரிமாறுவோம்.

ஊர் வெள்ளை ஒயினை ஊற்றினார்கள். பழக்கதோஷம், நான் கிளாஸை நீட்டி சயோவின் கிளாஸில் டிங்கென்று இடித்துவிட்டேன்.

"கருமம்! கல்யாணத்துக்கா வந்திருக்கே?" என்றாள் அம்மா.

துக்கச் சாப்பாட்டில் கிளாஸை இடிக்கக்கூடாது. எனக்கு முகம் செத்துப்போனது. "பரவால்லக்கா" என்றாள் சயோ, மெல்ல.

கைசெகி என்றால் ஒவ்வொன்றாகத்தான் வரும். விரல் நுனியளவு ஏதோ வந்தது. மூடி போட்ட கிண்ணத்தில் சேப்பங்கிழங்கு வந்தது. நான் "சயோ, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்று ஆரம்பிக்கும்போதெல்லாம் கதவு நகரும், பரிமாறுகிற அம்மாள் மண்டியிட்டு உட்கார்ந்துகொண்டு பேச ஆரம்பித்துவிடுவாள்.

"ஆத்துமீனுங்க. திராட்சைக் கட்டைத் தணல்ல வாட்டினதுங்க. சூட்டோட சாப்பிடுங்க."

எனக்கு எரிச்சலான எரிச்சல். மீனுக்கு ஜாதகம் வாசிக்காமல் வைத்துவிட்டுப் போகக்கூடாதா?

சயோ தன் மீனைத் தொடவில்லை. அம்மாவின் மீனில் முள்ளெடுத்து, துண்டு துண்டாக்கி, தட்டின் இடது ஓரத்தில் ஒதுக்கி வைத்தாள். அம்மாவுக்கு அந்தப் பக்கம்தான் கொஞ்சம் கண் தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இவளை விட்டுவிடக்கூடாது என்று மனசுக்குள் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கடைசியில் சோறும் மிசோ சூப்பும் ஊறுகாயும் வந்தன. சோறு வந்துவிட்டால் விருந்து முடிந்த மாதிரி. இனிப் பொறுக்க முடியாது என்று கொட்டிவிட்டேன்.

"சயோ, நீ இல்லேன்னா அந்த வீடு வீடாவே இருக்காது. அம்மா கூடவே இருந்துடு. நிலத்தை உன் பேருக்கே எழுதச் சொல்றேன். எனக்கு ஒரு பிடி மண்ணு வேணாம்."

சயோ சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தாள்.

"அக்கா, நான் போன வாரமே டவுன் ஆபீஸ்ல தாள் குடுத்துட்டேன்."

என்ன தாள் என்று நான் கேட்கவில்லை. புருஷன் செத்த பிறகு அவன் வீட்டாரோடு உள்ள உறவை வெட்டிக்கொள்கிற தாள். ஒரு பெயர், ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். யார் சம்மதமும் வேண்டாம். கொடுத்த நிமிஷத்திலிருந்து அவள் யாரோ, நாங்கள் யாரோ.

"அடிப்பாவி! அவன் அஸ்தியை இன்னிக்குக் காலைலதான் வெச்சோம். எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு இங்க வந்து உக்காந்தே? அம்மாவுக்குத் தெரியுமா இது?"

சயோ குனிந்துகொண்டாள். கண்ணீர் சோற்றுக் கிண்ணத்துக்குள் சொட்டியது.

"அந்தத் தாளை நாந்தாண்டி வாங்கியாந்தேன்" என்றாள் அம்மா.

நான் அம்மா பக்கம் திரும்பினேன்.

"தட்டுத் தடுமாறி பஸ் புடிச்சுப் போனேன். மருமகளுக்குன்னு கேட்டேன். அங்க இருந்த பொண்ணு என்னை ஒரு மாதிரி பாத்துச்சு. பாத்தா பாக்கட்டும். இவ மாட்டேன்னு ஒரே அழுகை. நாந்தான் அதட்டி எழுத வெச்சேன். நாப்பத்திநாலு வயசு இவளுக்கு. என்னைக் குளிப்பாட்டிக் குளிப்பாட்டியே கிழவியாகணுமா?"

"அப்ப உன்னை யாரும்மா பாத்துக்குவா?"

கேட்ட பிறகுதான் நான் கேட்டது என் காதிலேயே விழுந்தது. அறையில் நாங்கள் மூன்றே பேர். அதில் ஒருத்திக்கு இனி இந்த வீட்டோடு உறவில்லை. என்கூட வந்துடும்மா என்று நான்தான் சொல்லியிருக்க வேண்டும். சின்ன வார்த்தைதான். லிஃப்ட் இல்லாத எங்கள் மூன்றாவது மாடி வீடு நினைவுக்கு வந்தது, அதில் துணி மட்டும் காயப்போடுகிற அந்த உபரி அறை நினைவுக்கு வந்தது, என் புருஷன் முகம் சுளிப்பது நினைவுக்கு வந்தது. நாக்கு எழவில்லை. வெட்கமாக இருந்தது, அப்படியும் எழவில்லை.

அம்மா என் முகம் இருக்கும் பக்கமாகத் திரும்பினாள்.

"உன்னைக் கேக்கலடி" என்றாள். "சோறு ஆறுது. சாப்பிடு."

நான் குச்சியை எடுத்துச் சாப்பிட்டேன்.